மீனுக்கு வந்த அம்மை

இப்போதெல்லாம் பல் டாக்டரிடம் போனாலும் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் நாலைந்து மீன். காத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு லேசாகிவிடும் என்கிறார்கள். முழங்கால் வலியைப் பற்றிச் சலிக்காமல் பேசும் வயதுக்கு வந்துவிட்ட நம்மைப் போன்றவர்களுக்கு அது நல்லதாம். எனக்கு அப்படி ஒன்றும் லேசாவதில்லை. முதலில் மீனின் வாலைப் பார்ப்பேன், அப்புறம் துடுப்புக்கு அடியில் பார்ப்பேன். எங்கேயாவது வெள்ளையாக, பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தால், அங்கே இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "இந்த மீனைத் தனியா எடுத்து வைம்மா, தண்ணியை மாத்து" என்று சொல்லாமல் வரமாட்டேன். ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

1991இல் எனக்குப் பன்னிரண்டு வயது. வீடு வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில். அப்பா தினமும் சைக்கிளை மிதித்து மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தார். ஸ்டோர்ஸில் ஹெல்பர், டெம்பரவரி. சில மாதம் வேலை கொடுப்பார்கள், கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள், மறுபடியும் கூப்பிடுவார்கள். சேர்ந்தாற்போல் வேலை செய்தால் நிரந்தரம் கேட்பார்கள் அல்லவா, அதனால் அந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் சாமியை விட அதிகமாக உச்சரிக்கப்பட்ட வார்த்தை 'பர்மனென்ட்'தான். "பர்மனென்ட் ஆவட்டும், ஓட்டைப் பிரிச்சி வேயலாம்." "பர்மனென்ட் ஆவட்டும், கொலுசு வாங்கலாம்." எல்லாமே அந்த ஒரு ஆணியில் தொங்கின.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் கம்பெனி வரவேற்பறைக்குப் பெயின்ட் அடிக்க முடிவு செய்தார்கள். அங்கே முதலாளி ஆசையாக வளர்த்த தங்கமீன்கள் இருந்தன. பெயின்ட் நெடியில் மீன் செத்துவிடும், யார் வீட்டிலாவது வைத்திருக்க வேண்டும். அப்பாவின் சூப்பர்வைசர் அப்பாவைக் கைகாட்டினார். கம்பெனி வேனில், ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில், தண்ணீர் சளப் சளப்பென்று அடிக்க மீன்கள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. தலையில் சிவப்பாகக் குல்லாய் போட்ட மாதிரி சதை வைத்த வெள்ளை மீன் ஒன்று, கறுப்பு ஒன்று, மிச்சமெல்லாம் ஆரஞ்சு. வலை போட்டு அள்ளியதில் சிலதுக்குச் செதில் உராய்ந்திருந்தது. பின்பக்கம் மாட்டுக்குக் கழுநீர் வைத்த சிமெண்டுத் தொட்டியை அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அதில்தான் விட்டோம்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டு பாடம் நடத்தினார். பக்கத்தில் அப்பா, அவருக்குப் பின்னால் அம்மா, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நான்.

"தீனி ஒரு சிட்டிகை போதும். திங்காம கெடக்கதை எடுத்துறணும், கேட்டியா? ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் தண்ணிய மொண்டு கொட்டிட்டு, முந்தின நாள் புடிச்சு வச்ச தண்ணிய ஊத்தணும். பஞ்சு மாதிரி மேல பூத்துச்சின்னா அதைத் தனியா எடுத்துரு. கல்லுப்பு கரைச்ச தண்ணில வையி. அதுக்கும் கேக்கலன்னா இந்த மருந்துல ரெண்டு சொட்டு."

பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியை அப்பாவின் கையில் கொடுத்தார். உள்ளே நீல மருந்து. மூடியைத் திறந்து பார்த்த என் விரல் ஒரு வாரத்துக்கு நீலமாகவே இருந்தது. போகும்போது வேனில் ஏறிக்கொண்டே சொன்னார்: "குல்லாய் மீனு முதலாளிக்கு உசுரு. பூஜை முடிஞ்சதும் பர்மனென்ட் பண்ணப்போறோம். உன் பேரும் இருக்கு. பாத்துக்கோ." அப்பா வேன் போன பிறகும் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

முதல் தப்பு பாசத்தால் வந்தது. அம்மாவுக்கு ஒரு சிட்டிகைத் தீனி என்பது ஒப்பவே இல்லை. அவளைப் பொறுத்தவரை மீன்கள் விருந்தாளிகள். தொட்டி ஓரம் போனாலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலே வரும். "பாவம், பசியா கீதுங்க. கம்பெனிக்காரன் வயித்துக்குக் கூட கணக்கு பாப்பான்" என்று பொட்டுக்கடலை மாவு தூவுவாள், சோற்றுப் பருக்கை போடுவாள். தின்றது போக மிச்சம் அடியில் படிந்தது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. பெயின்ட் காயவில்லை என்று கம்பெனியில் நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வெயில் முகமே தெரியவில்லை. தொட்டியில் கையை விட்டால் விறைக்கும்.

ஒரு நாள் கறுப்பு மீனின் முதுகில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தன. மறுநாள் அவை கொஞ்சம் உப்பின. அப்பா குப்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அம்மா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா பண்ற?"

"மருந்து ஊத்தப் போறேன். பஞ்சு மாரி வந்தா ஊத்தச் சொன்னாரு இல்ல?"

"பஞ்சா அது? நல்லா பாரு. முத்து. ஆத்தா எறங்கிகீது."

"மீனுக்கா?"

"ஏன், மீனு அவ பெத்தது இல்லியா? மருந்து கிருந்துன்னு கைய வெச்ச, அவ்ளோதான். சொல்ட்டேன்."

சிரிக்காதீர்கள். அப்பாவும் சிரிக்கவில்லை. ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் தம்பிக்கு அம்மை போட்டது. அம்மா முறைப்படி எல்லாம் செய்தாள். வாசலில் வேப்பிலை, தாளிப்பு வாசனை இல்லாத சமையல், உப்பில்லாத கஞ்சி, முத்து இறங்கும்வரை தலைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. பொறுத்துப் பார்த்த அப்பா ஒரு மத்தியானம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி போட்டார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஊசி போட்டதால் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று அம்மா நினைத்தாள். தாமதமாகத் தூக்கிக்கொண்டு போனதால்தான் பிள்ளை போனான் என்று அப்பா நினைத்தார். இதை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதே இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சின்ன வீட்டில் சொல்லாததெல்லாம் குழந்தைகளுக்குத்தான் முதலில் கேட்கும்.

அதனால் அப்பா குப்பியைத் திரும்பக் கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு அம்மை போட்ட வீடு. வாசல் நிலையில் வேப்பிலை ஏறியது. தொட்டியைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று, தொட்டிக்குள்ளும் கொத்துக் கொத்தாக வேப்பிலை மிதந்தது. குழம்பில் கடுகு வெடிக்கவில்லை. வெந்ததைச் சப்பென்று தின்றோம். மழைக்காலத்தில் எங்கேயாவது அம்மை வருமா என்று கூட யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் விடக் கொடுமை, தண்ணீர் மாற்றக்கூடாது. அம்மை போட்டவர்களைக் குளிப்பாட்டுவதில்லையே, மீனுக்கு மட்டும் எப்படிப் புதுத் தண்ணீர் ஊற்றுவது? உப்பும் ஆகாது. சூப்பர்வைசர் எதையெல்லாம் செய்யச் சொன்னாரோ அதையெல்லாம் ஆத்தா வேண்டாம் என்றாள்.

என் வேலை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, அதே தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத் தூக்கி அதே தொட்டியில் ஊற்றுவது. காற்றுக் குமிழ் விடுகிற மோட்டார் கம்பெனியிலேயே இருந்துவிட்டது, அதைச் சொருக எங்கள் வீட்டில் பிளக்கும் கிடையாது, இருந்ததோ ஒரே ஒரு குண்டு பல்பு. மீனுக்கு மூச்சு வேண்டுமே. உள்ளதையே மொண்டு ஊற்றினால் அது குளிப்பாட்டுவதில் சேராது என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். நான் ஊற்றிக்கொண்டே இருப்பேன். வேப்பிலை அழுகி, சோறு புளித்து, ஒரு கசந்த நாற்றம் எழும்பும். கலங்கலில் குல்லாய் மீன் எங்கே என்று தேடுவேன். சிவப்பு தெரிந்தால்தான் எனக்கு உயிர் வரும்.

பொட்டுகள் பொட்டுகளாக நிற்கவில்லை. எருக்கங்காய் வெடித்து ஒட்டிய மாதிரி பஞ்சாகவே பூத்துவிட்டன. கறுப்பு மீன் ஒருநாள் காலையில் பக்கவாட்டில் மிதந்தது. அம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தாள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார், சைக்கிளை எடுத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்று சாயங்காலம் நான் சொம்பைத் தூக்கும்போது குல்லாய் மீனின் வால் நுனியில் வெள்ளை தெரிந்தது. அப்பா வந்ததும் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று உள்ளே போய்க் குப்பியை எடுத்து வந்தார். அம்மா தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"தள்ளு" என்றார் அப்பா.

"தள்ளமாட்டேன்."

"இந்த மீனு போச்சின்னா என் வேல போச்சி. தெரிதா உனுக்கு? ஓடு ஒழுவுது, பொண்ணு வளந்துகினு கீது. எல்லாம் போச்சி."

"போவட்டும். ஒருவாட்டி ஊசியக் குத்தி ஒண்ண வாரிக் குடுத்தது போதும்."

சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக யாரும் சொல்லாததைத் தொட்டி ஓரத்தில் மழையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள். அப்பா கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் ஓங்கவில்லை. குப்பியைத் துணி துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு மழையிலேயே தெருப்பக்கம் நடந்தார். அம்மா நனைந்துகொண்டே நின்றாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் சொம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அப்பா "சோறு" என்பார், வைப்பாள். அவ்வளவுதான். குல்லாய் மீனின் வால் பாதிக்கு மேல் வெள்ளையாகிவிட்டது. தீனி போட்டால் மேலே வருவது நின்றுபோனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அத்தனை நாள் கழித்துச் சுரீரென்று வெயில். அப்பா விடிந்ததுமே பெரிய அண்டாவை நடுமுற்றத்தில் வைத்து, கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி நிரப்பி, காயவிட்டிருந்தார். அம்மாவிடம் வந்து குந்தி உட்கார்ந்தார். சண்டைக்காரராக இல்லை, கெஞ்சுகிறவராக.

"தலைக்குத் தண்ணி ஊத்திடு. நான் கைய வெக்கல. நீயே ஊத்து."

"முத்து எறங்கலியே."

"அது எறங்கறதுக்குள்ள உசுரு எறங்கிடும்."

அம்மா எழுந்து தொட்டியிடம் போனாள். குல்லாய் மீன் மூலையில் தலையைச் சாய்த்து நின்றது, செவுள் மட்டும் அசைந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள். அவள் அப்போது எதைப் பார்த்தாள் என்று எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. பிறகு அவள் உள்ளே போய் உப்புச் சாடியையே தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பா எழுந்துவிட்டார். நானும்.

அண்டாவின் முன்னால் கிழக்கே பார்த்து நின்றாள். "தாயே, உன் கோயிலுக்கு வந்து உப்பும் மொளகும் கொட்டணும். மழையில வர முடியல. இங்கியே கொட்றேன், ஏத்துக்கோ. உப்பு கரையிற மாரி கரைச்சி எடுத்துனு போ."

மாரியம்மன் கோயில்களில் அம்மை போட்டவர்களுக்காக உப்பையும் மிளகையும் கொட்டுவது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அம்மை போட்டவர்கள் தின்னத்தான் உப்பு ஆகாது, ஆத்தாளுக்குக் கொடுக்க ஆகும். இரண்டு கையாலும் கல்லுப்பை அள்ளி அண்டாவில் போட்டாள். அடுத்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மிளகு.

"மொளகு வாணாம்மே" என்றார் அப்பா, தவித்துப்போய்.

"சாமிக்கு நேந்தது."

"ரெண்டே ரெண்டு போடு."

நாலு போட்டாள். அவை மிதந்தன. அவள் தலையைத் திருப்பிய நேரத்தில் நான் பொறுக்கிவிட்டேன்.

மீன்களை ஒவ்வொன்றாக, வலை இல்லாமல், உள்ளங்கையில் ஏந்தி அம்மாவே மாற்றினாள். நோய் கண்டவை அண்டாவுக்கு, மற்றவை, வேன்காரர்கள் விட்டுப்போன டிரம்மில் நிரப்பிய புதுத் தண்ணீருக்கு. "சுத்தமா கீறவங்க கூட இதுங்கள விடக்கூடாது" என்று அவளே சொன்னாள். தொட்டியைக் கவிழ்த்து அலசி, வெயிலில் காயவைத்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆத்தாளுக்கு 'தண்ணி ஊத்து' நடந்தது. ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணீர் கொஞ்சம் போகும், வெயில் பட்ட தண்ணீர் கொஞ்சம் வரும், உப்புக் காணிக்கை விழும். தீனி ஒரு சிட்டிகை. விரதமாம். நீல மருந்தை மட்டும் கடைசிவரை தொடவிடவில்லை.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த உப்பு மருந்து என்று அவளுக்குத் தெரியாதா? சூப்பர்வைசர் சொன்னபோது பக்கத்தில்தானே நின்றாள்! தெரிந்துதான் செய்தாள். ஆத்தாளிடமும் பொய் சொல்லாமல், அப்பாவையும் கைவிடாமல் ஒரு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் அவளை ஒன்றும் தெரியாதவள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சு சுருங்கி, உதிர்ந்தது. குல்லாய் மீனின் வால் கந்தலாகிப்போயிருந்தாலும் தீனிக்கு மேலே வந்து வாயைத் திறந்தது. அப்பா சீட்டியடித்துக்கொண்டு சைக்கிள் துடைத்தார். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் வேப்பிலையை எடுத்துவிடலாம் என்றாள் அம்மா. அந்த மூன்றாம் தண்ணீருக்கு முன்னாலேயே வேன் வந்துவிட்டது.

அப்பா வீட்டில்தான் இருந்தார். முதலில் டிரைவர்தான் பார்த்தான். "சார், உள்ள போவாதீங்க. வேப்பிலை சொருகிகீது." சூப்பர்வைசர் செருப்போடு நின்றவர் நாலடி பின்னால் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமான பதற்றம்தான்.

"ஏம்பா, வீட்ல அம்மையா? சொல்லியிருக்கலாம்லா? யாருக்கு?" சொல்லிக்கொண்டே கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "புள்ளைக்கா?"

அப்பா தலையை ஆட்டினால் போதும். வாய் திறக்கவே வேண்டாம். அம்மை போட்ட வீட்டில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். கறுப்பு மீன் எங்கே என்று கேட்கமாட்டார்கள், வால் ஏன் கந்தல் என்று கேட்கமாட்டார்கள். 'பாவம், பிள்ளைக்கு அம்மை போட்டும் முதலாளி மீனைக் காப்பாற்றியிருக்கிறான்' என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகியிருக்கும். அது எனக்கே புரிந்தது. அப்பாவுக்குப் புரியாமல் இருக்குமா? அவர் என்னைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவள் கை என் தோளை இறுக்கியது, நகம் பதிந்தது.

"இல்ல சார்" என்றார் அப்பா. "பொண்ணு நல்லா கீது. மீனுக்குத்தான்."

"என்னது?"

"மீனுக்குத்தான் சார் வேப்பில கட்டினோம். ஒடம்பு சரியில்லாம பூடுச்சி. ஒண்ணு செத்துட்ச்சி. குல்லா மீனு இப்ப தேவல."

டிரைவர்தான் முதலில் சிரித்தான். சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்தது, பின்பக்கம் போய் அண்டாவுக்குள் அந்த வாலைப் பார்க்கும்வரை. பிறகு அவர் கத்தியதெல்லாம் இங்கே எழுதவேண்டியதில்லை. முதலாளியின் மீனைக் கூத்தாக்கிவிட்டாய், மருந்து கொடுத்தேனே என்ன செய்தாய், உனக்கெல்லாம் எவன் பர்மனென்ட் கொடுப்பான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மீன்களை அள்ளிக்கொண்டு, தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாத அந்த மருந்துக் குப்பியையும் பிடுங்கிக்கொண்டு வேன் போய்விட்டது. சேறு மட்டும் கிடந்தது.

ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த பெயர்களில் அப்பாவின் பெயர் இல்லை. அந்த முறை வேலையை நிறுத்தியவர்கள் மறுபடி கூப்பிடவும் இல்லை. பின்னாளில் இந்தப் பக்கமெல்லாம் கம்பெனி வந்தபோது வெவ்வேறு கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். கடைசிவரை டெம்பரவரிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேன் போன பிறகு நடந்ததை. அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் உள்ளே நின்றாள். அப்புறம் வந்து அவர் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள். தம்பி போன பிறகு அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தலைய ஆட்டிட்டு இருக்கலாம் இல்ல?" என்றாள்.

"ஆட்டலாம். எப்டி ஆட்றது? நல்லா கீற பொண்ணு நிக்கறா எதுர்ல."

அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே, யாரிடமோ சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"புள்ளைய நீ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனது தப்பு இல்ல. நாந்தான் உன்ன மொதல்லயே வுடல."

அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.